அவசரத் தொடர்பாளர்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டிய வேலையை அவள் திங்கட்கிழமை காலை ஒன்பது பதினேழுக்குத் தொடங்கினாள். மூன்று நிமிடம் ஆகும் என்று திரையில் போட்டிருந்தது.

பல்கலைக்கழக இணையதளத்துக்கு வாசல் என்று பெயர். வருகைப் பதிவு, மதிப்பெண், நூலகம், விடுதி, உணவகம், மருத்துவம் எல்லாம் அதன் வழியாகத்தான். இறுதியாண்டு மாணவர்கள் தேர்வு நுழைவுச்சீட்டு எடுப்பதற்குமுன் தங்கள் அவசரத் தொடர்பாளரை உறுதிசெய்ய வேண்டும் என்று அன்று காலை அறிவிப்பு வந்தது. மாணவருக்கு ஏதாவது ஆனால் பல்கலைக்கழகம் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்தான் அவசரத் தொடர்பாளர்.

அவளுடைய பக்கத்தில் அப்பாவின் எண் இருந்தது. உறவு: தந்தை. நிலை: செயலில் உள்ளார்.

அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். 'இவரே தொடரட்டும்' என்று ஒன்று. 'வேறொருவருக்கு மாற்று' என்று இன்னொன்று, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். இரண்டும் சாம்பல் நிறத்தில் உறங்கின. அவற்றை எழுப்ப ஓர் எண் தேவை.

"உங்கள் தொடர்பாளரின் தனியுரிமையைப் பெரிதும் மதிக்கிறோம். அவருடைய சம்மதமின்றி எதையும் செய்யமாட்டோம். அவருடைய கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம். அறுபது விநாடிக்குள் இங்கே இடவும்."

விநாடிகள் குறைந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜ்யம் வந்ததும் வாசல் அவளை வெளியே அனுப்பியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வெளியே அனுப்பியபின், அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டது. ஐந்து முகங்கள் காட்டியது. சோகமான முகங்கள் இரண்டும் அமுங்கவில்லை. அவள் நடுவில் இருந்த முகத்தை அமுக்கினாள். வாசல் நன்றி சொன்னது.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். சில கட்டடங்களில் கதவை மூடும் பொத்தானுக்குப் பின்னால் கம்பியே இருக்காது என்று அவள் சின்னவளாக இருந்தபோது சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் எதுக்குப்பா வெச்சிருக்காங்க?"

"உள்ள நிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காதுல்ல."

அவள் வலைத் தொழில்நுட்பம் படித்தாள். விடுதி அறையில் இரண்டு கட்டில். இன்னொரு கட்டிலுக்கு உரியவள் முதல் மாதமே வேறு அறைக்குப் போய்விட்டாள். வாசலின் கணக்கில் அந்தக் கட்டிலில் ஆள் இருப்பதாகவே இருந்தது, அதனால் வேறு யாரையும் அனுப்பவில்லை. அம்மா அவளுக்கு நினைவு தெரியுமுன் போய்விட்டாள். சித்தப்பா ஒருவரின் எண் இருந்தது. அது இப்போது ஒலிப்பதில்லை.

அப்பாவின் எண் அவளுக்கு மனப்பாடம். அதைக் கைபேசி நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்தபோது, தொண்ணூறு நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த எண்ணை அழைத்ததில்லை. அழைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள்.

உதவி மையத்துக்கு நேரே போக முடியாது. வாசலில் நேரம் கேட்க வேண்டும். காரணங்கள் பதினொன்று கொடுத்திருந்தார்கள். பத்து பொருந்தவில்லை. பதினொன்றாவது, பாராட்டு தெரிவிக்க. அதை அமுக்கினாள். அன்றே இரண்டு நாற்பதுக்கு நேரம் கிடைத்தது.

உதவியாளர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"சொல்லும்மா. என்ன பாராட்டணும்?"

"தொடர்பாளரை மாத்தணும் சார்."

"அது பாராட்டு இல்லையே."

"லிஸ்ட்ல வேற எதுவும் பொருந்தல சார்."

"பொருந்தணும்னுதானே பதினொண்ணு வெச்சிருக்கோம்." அவர் தட்டச்சு செய்தார். "இது மூணு நிமிஷ வேலைம்மா. அப்பா ஃபோனுக்கு வர்ற நம்பரைப் போட்டா முடிஞ்சுது. அப்பாவை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லேன்."

"அப்பா இறந்துட்டார் சார்."

உதவியாளர் சட்டென்று கையை உயர்த்தினார். பக்கத்து மேசையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதையெல்லாம் என்கிட்ட சொல்லக் கூடாதும்மா."

"ஏன் சார்?"

"தனிப்பட்ட தகவல். உன்னோடதுகூட இல்ல, அவரோடது. அவர் வந்து சொல்லணும்."

இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். 'தற்செயலாகத் தெரிவிக்கப்பட்ட தகவலைக் கேளாமை குறித்த உறுதிமொழி' என்று தலைப்பு. தான் எதையும் கேட்கவில்லை என்று அவர் கையெழுத்திட்டார். தான் எதையும் சொல்லவில்லை என்று அவள் கையெழுத்திட்டாள்.

"தேதி போடு. பக்கத்துல நேரமும்."

முத்திரை குத்தியதும் அவர் முகம் தெளிந்தது.

"இப்ப சொல்லு. அப்பா எப்ப வர்றார்?"

தனியுரிமைப் பாதுகாப்பு அதிகாரியின் அறை எண் தனியுரிமை கருதி எங்கும் வெளியிடப்படவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் மூன்றாம் மாடியில் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போனாள். முந்நூற்று ஏழுக்கும் முந்நூற்று ஒன்பதுக்கும் நடுவில் எண் இல்லாத கதவு ஒன்று இருந்தது. பெயர்ப்பலகையின்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தட்டினாள்.

"உட்காருங்க. பெயர் சொல்ல வேண்டாம்."

"சொல்லாம எப்படி சார்?"

"சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

அவர் மெலிந்த, சுத்தமான மனிதர். மேசையில் ஒன்றுமில்லை, அவர் பக்கம் திரும்பிய கம்ப்யூட்டர் திரையையும் தடித்த கறுப்புப் பேனா ஒன்றையும் தவிர. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார். இதற்குமுன் பல கூட்டங்களில் பேசிய பேச்சு போலிருந்தது.

"மத்த இடங்கள்ல மாணவரோட தகவலை வெளியாள்கிட்டேயிருந்து பாதுகாக்கிறாங்க. அதை யார் வேணும்னாலும் செய்யலாம். நாங்க ஒரு படி மேல. மாணவர்கிட்டேயிருந்தே பாதுகாக்கிறோம். போன வருஷம் ஒரு தகவல்கூட மாணவர் கைக்குப் போகல. ஒண்ணுகூட. தணிக்கைக்கு வந்தவங்களே அசந்துட்டாங்க. அவங்களுக்கும் நாங்க ஒண்ணும் கொடுக்கல."

அவள் இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டினாள். அவர் அதை விளிம்பில் பிடித்து வாங்கி, கறுப்புப் பேனாவைத் திறந்தார். பெயரை அடித்தார். தேதியை அடித்தார். இடத்தையும் காரணத்தையும் அடித்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, லேசாகத் தெரிந்த இரண்டு எழுத்தை இன்னொரு முறை அடித்தார். பாதி முத்திரையும் 'சான்றிதழ்' என்ற சொல்லும் மிஞ்சின. அதை நிதானமாகப் படித்தார்.

"இது யாரோடதுன்னு தெரியலையே."

"எங்க அப்பாவோடது."

"இதுல அப்படி எங்கயும் இல்லையேம்மா."

அவள் அந்தக் கறுப்புக் கோடுகளைப் பார்த்தாள்.

"நகல்தானே? நல்ல வேளை. ஒரிஜினலைக் கொண்டு வந்திருந்தா அதையும் அடிக்க வேண்டியிருக்கும். விதி அப்படி." அவர் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். "அதோட நீங்க சொல்றது எங்க பதிவோட ஒத்துப் போகல. இந்தப் பருவத்துல உங்க தொடர்பாளருக்கு நானூத்திப் பன்னிரண்டு செய்தி போயிருக்கு. நானூத்திப் பன்னிரண்டும் படிக்கப்பட்டிருக்கு. சராசரியா நாலு நிமிஷத்துல. இறந்தவங்க இவ்வளவு சீக்கிரம் படிக்க மாட்டாங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

"என்ன செய்தி சார்?"

"வழக்கமானதுதான். வகுப்புக்குப் போனீங்களா, மார்க் எவ்வளவு, விடுதிக்கு எப்ப வந்தீங்க, உணவகத்துல கார்டு தேய்ச்சீங்களா. உடம்பு சரியில்லன்னா டெம்பரேச்சர்."

"ஆலோசனை அறைக்குப் போனது?"

"அங்க என்ன பேசினீங்கன்னு போகாது. அது உங்க தனியுரிமை, அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு. எத்தனை மணிக்குப் போனீங்க, எவ்வளவு நேரம் இருந்தீங்க, கண் துடைக்கிற காகிதம் எத்தனை எடுத்தீங்க. அவ்வளவுதான்."

"இதையெல்லாம் யார் சார் படிக்கிறாங்க?"

"அதைச் சொன்னா அவரோட தனியுரிமை என்ன ஆறது?"

அவள் எழுந்தாள். கதவருகே போனபோது அவர் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை விழாவுக்குக் கட்டாயம் வந்துடுங்க. எதுக்குன்னு சொல்ல முடியாது."

அன்று அவள் உணவகத்துக்குப் போகவில்லை. அறையில் படுத்து, எதிர்க் கட்டிலின் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ படிக்கிறார்கள். நாலே நிமிடத்தில் படிக்கிறார்கள். அப்பாகூட அவ்வளவு சீக்கிரம் படித்ததில்லை. கையில் கிரீஸ் இருக்கும்.

'வலைத் தொழில்நுட்பம், பயன்பாட்டு எளிமை, இணையத் தனியுரிமை: ஒரு மாணவரின் சிந்தனைகள்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். போன வாரமே எழுதிக் கொடுத்திருந்தாள். புதன்கிழமை பேராசிரியர் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார். வாசலை எளிமையாக்கிய குழுவின் தலைவர் அவர்தான். அவருடைய அறை மட்டும் எளிமையாக இல்லை. உட்காருவதற்குமுன் மூன்று கேடயங்களை நகர்த்த வேண்டியிருந்தது.

"நல்ல கட்டுரை. உணர்ச்சி கொஞ்சம் தூக்கல். 'ஒரு பக்கத்தில் எத்தனை பொத்தான் இருக்கிறது என்பதில் எளிமை இல்லை, அமுக்கினால் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது.' இது யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"கீழ ஆதாரம்னு 'என் அப்பா'ன்னு போட்டிருக்கே. அவர் எந்த இதழ்ல எழுதியிருக்கார்?"

"எழுதல சார். லிஃப்ட் ரிப்பேர் பண்ணுவார்."

"அப்ப செங்குத்துப் போக்குவரத்து வல்லுநர்னு போடு. ரெண்டு மார்க் கூட வரும்." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "பழைய வாசல்ல நாற்பது பக்கம் இருந்துச்சு. பசங்க வழி தெரியாமத் தவிச்சாங்க. நாங்க ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி முப்பத்தாறு பக்கத்தை எடுத்தோம். இப்ப யாரும் வழி தவறுறதில்ல. போறதுக்கு இடமே இல்லையே! நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் சந்தோஷமா இருக்காங்க."

"சோக முகம் ரெண்டும் வேலை செய்யல சார்."

"தெரியும். யாருமே அதை அமுக்கறதில்லன்னு கணக்கு வந்துச்சு. அதான் நிறுத்திட்டோம்."

"எப்ப நிறுத்தினீங்க? கணக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பேராசிரியர் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பதினொன்று என்று எழுதினார். இருபதுக்கு. எழுதி முடித்து அவர் பேனாவை மூடுமுன், மதிப்பெண் தொடர்பாளருக்கு அனுப்பப்பட்டது என்று அவளுடைய கைபேசி சொன்னது.

வியாழக்கிழமை விழா. மேடையில் ஐந்து நாற்காலி. நடுவில் இருந்தது காலி. அதற்கு முன்னால் மாலை, பொன்னாடை, ஒரு கேடயம். துணைப் பதிவாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"ஆண்டின் சிறந்த தொடர்பாளர் விருது. பெயரை வெளியிட இயலாது. ஓர் இறுதியாண்டு மாணவியின் தந்தை. அவ்வளவுதான் சொல்ல முடியும்." கைதட்டல். "நம்மில் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள்? இந்தத் தந்தையைப் பாருங்கள். அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் படித்திருக்கிறார். ஒரு முறையாவது இங்கே வந்து நின்றாரா? இல்லை. தொலைபேசியில் அழைத்து நம் நேரத்தை வீணாக்கினாரா? இல்லை. மகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாரா? கேட்கவில்லை. முப்பத்தொரு முறை பின்னூட்டம் மட்டும் அனுப்பியிருக்கிறார். அதையும் நாங்கள் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. நம் பல்கலைக்கழகம் எதிர்பார்க்கும் பெற்றோர் இப்படித்தான் இருப்பார்."

பொன்னாடையை நாற்காலிக்குப் போர்த்தினார்கள். மாலையைச் சாய்மானத்தில் மாட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பதினான்காவது வரிசையில் அவளும் எழுந்தாள். உட்கார்ந்திருந்தால் தனியாகத் தெரியும்.

பக்கத்தில் நின்ற பெண் அவள் காதருகே குனிந்தாள்.

"யாரோ குடுத்துவெச்சவ. எங்கப்பா என் மெசேஜ் ஒண்ணைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார்."

அவள் தலையாட்டினாள். இரண்டு வருடத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

வெள்ளிக்கிழமை மாலை நாலு முப்பத்தெட்டு. கம்ப்யூட்டர் கூடத்தில் எல்லோரும் நுழைவுச்சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வாசலைத் திறந்து வைத்தாள். 'ஆறு இலக்க எண்ணை அனுப்பு' என்ற இடத்தில் சுட்டியை நிறுத்தினாள். கைபேசியை எடுத்து, பார்க்காமலே அப்பாவின் எண்ணைப் பத்து இலக்கமும் அமுக்கினாள்.

நாலு முறை மணி அடித்தது. எடுத்தவுடன் இயந்திர இரைச்சல்.

"யாரு?" ஒரு பெண் குரல். நடுவயது தாண்டிய குரல்.

"இது எங்க அப்பா நம்பர்," என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ ஒன்று அணைந்தது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

"நீயா?" என்றது குரல். "கட்டுரைக்குப் பதினொண்ணு வாங்கினவ?"

"நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல வேலை செய்றேன். இரு, வெளிய வந்துடறேன், இங்க ஒண்ணும் கேட்காது." கதவு ஒன்று திறந்து மூடியது. "இந்த நம்பர் வாங்கி நாலு மாசம் ஆச்சு. வாங்கின அன்னைக்கே வந்துச்சு. 'மதிப்புக்குரிய தந்தையே, உங்கள் மகள் ஒன்பது மணி வகுப்புக்கு வரவில்லை'ன்னு. எனக்கு மகளும் கிடையாது, நான் தந்தையும் கிடையாது. ராங் நம்பர்னு போட்டேன். 'நன்றி தந்தையே, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்'னு வந்துச்சு. விடாம முப்பத்தோரு தடவை போட்டுப் பார்த்தேன். முப்பத்தோரு நன்றி."

"பிளாக் பண்ணியிருக்கலாமே."

"பண்ணத்தான் போனேன். அன்னைக்குன்னு பார்த்து உனக்குக் காய்ச்சல். நூத்தி ரெண்டு. மறுநாள் இறங்கிச்சா இல்லையான்னு தெரியாம எப்படிப் பண்றது? மறுநாளும் நூத்தி ஒண்ணு. அப்புறம் இறங்கிச்சு. அப்புறம் பரீட்சை வந்துடுச்சு." குரல் தாழ்ந்தது. "எனக்கு வேற மெசேஜ் வர்றதில்லம்மா. ஷிஃப்ட் மாத்தினா சூப்பர்வைசர் அனுப்புவார். அவ்வளவுதான்."

அவள் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். நாலு நாளாக அதற்குத் தயாராகியிருந்தாள்.

"அப்ப என்னைப் பத்தி எல்லாம் தெரியும் உங்களுக்கு."

"தெரியும்தான். யார்கிட்டயும் சொல்லல. சொல்றதுக்கும் ஆள் இல்ல." பிறகு, "அந்த ஆலோசனை ரூமுக்குப் போறதை ஏன் நிறுத்திட்டே? இல்ல, வேணாம். சொல்லாத. நான் கேட்டிருக்கக் கூடாது."

அந்த வாரம் முழுவதும் தனியுரிமை பற்றி அவளிடம் நிறையப் பேர் பேசியிருந்தார்கள். அவள் கைபேசியைக் காதோடு இன்னும் சேர்த்துப் பிடித்தாள்.

"அப்பா நம்பர்னு சொன்னியே. அவர்..."

"ஏழு மாசம் ஆச்சு."

"ம். அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். பொண்ணு உடம்பைப் பத்தி மெசேஜ் வர்ற நம்பரை எந்த அப்பனும் விட்டுட்டுப் போக மாட்டான்."

நாலு ஐம்பத்து மூன்று.

"இப்ப உங்க ஃபோனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வரும்," என்றாள். "அதைச் சொல்றீங்களா? உங்களை இதுலேருந்து எடுத்துடலாம். அஞ்சு மணிக்குள்ள முடிக்கலன்னா எனக்குப் பரீட்சை எழுத விட மாட்டாங்க."

"எடுத்துட்டா மெசேஜ் வராதா?"

"வராது. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"சரி."

அவள் அமுக்கினாள். அறுபது. ஐம்பத்தொன்பது.

"வந்துச்சா?"

"வந்துச்சு. கண்ணாடி போட்டுக்கறேன், இரு. இதுலயும் தந்தையேன்னுதான் போட்டிருக்கு." காகிதம் போல ஏதோ சரசரத்தது. "செவ்வாய்க்கிழமை மத்தியானமும் நீ சாப்பிடப் போகல, சாயந்திரமும் போகல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு வேலையே ஓடல எனக்கு."

"நம்பர் சொல்லுங்க. டைம் ஓடுது."

"சொல்றேன், சொல்றேன். நாலு, ஒண்ணு, ஒண்ணு. ஏழு. பூஜ்யம். ரெண்டு."

அவள் இட்டாள். இருபத்திரண்டு விநாடி இருந்தது. பொத்தான்கள் இரண்டும் முதல் முறையாகச் சாம்பல் நிறம் விட்டுப் பச்சையாயின. இவரே தொடரட்டும். வேறொருவருக்கு மாற்று. மாற்று என்பதன் பக்கத்தில் இருந்த காலிக் கட்டத்தில் சிறு கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது. பெயர், உறவு, எண்.

பத்தொன்பது. பதினெட்டு.

அந்தப் பக்கம் கதவு மறுபடியும் திறந்தது. இயந்திரங்கள் கேட்டன. யாரோ கூப்பிட்டார்கள். "தோ வர்றேன்," என்று குரல் அவர்களிடம் சொன்னது. பிறகு அவளிடம், வாயை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டது:

"என்னை எடுத்துட்டு அந்த இடத்துல யாரைம்மா போடப் போறே?"